மாலத்தீவின் வாயிலும் மாலுமியும்

காஞ்சி மாநகரைக் கடல் தொடுவதில்லை. தறியோசை ஓயாத நம் தெருக்களிலிருந்து அலையோசை கேட்க வேண்டுமாயின் கிழக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். ஆயினும் இந்நகரை ஆண்டோரின் பார்வை கடலை விட்டு அகன்றதேயில்லை. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய பல்லவ மன்னன் இராசசிம்மன், பாலாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே வயலூரில் ஒரு தூண் கல்வெட்டை நிறுத்திச் சென்றான். பல்லவரின் மரபு வரிசையைக் கூறும் அக்கல்வெட்டில் நூறாயிரம் தீவுகள் என்னும் பொருள்படும் ஒரு சொல் வருகிறது. அரபுக்கடலில் சிதறிக் கிடக்கும் இலட்சத்தீவுக் கூட்டத்தையே அச்சொல் குறிப்பதாக ஆய்வாளர் சிலர் கருதுவர். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன், பன்னீராயிரம் பழந்தீவுகளைத் தன் வெற்றிப் பட்டியலின் இறுதியிற் சேர்த்தான். அவை மாலத்தீவுகளே என்பது வரலாற்று அறிஞர் பலரின் முடிபு.

நூறாயிரம் என்றும் பன்னீராயிரம் என்றும் கற்கள் எண்ணிக்கை கூறுகின்றன. வென்றோம் என்று முழங்குகின்றன. ஆனால் அங்கே எவ்வாறு சென்றனர், யார் வழிகாட்டினர், எந்தக் காற்றில் பாய் விரித்தனர் என்பதைக் கற்கள் கூறுவதில்லை. எளிதில் எட்ட முடியாத அத்தீவுகளுக்குப் போகும் வழியையும், போனபின் தீவு விட்டுத் தீவு செல்லும் முறையையும் நமக்கு விரித்துரைத்தவர் வேறொருவர். அவர் மன்னரல்லர், படைத்தலைவருமல்லர். மொராக்கோ நாட்டுத் தஞ்சா நகரில் 1304-ல் பிறந்து, இருபத்தோராம் வயதில் ஹஜ்ஜுக்கென வீட்டை விட்டுப் புறப்பட்டு, முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றிய காழி இப்னு பதூதா அவர்களே அவர்.

வளையமும் வாயிலும்

டில்லியில் முஹம்மத் பின் துக்ளக்கின் கீழ்க் காழியாக இருந்த இப்னு பதூதா, சுல்தானின் தூதராகச் சீனாவுக்கு அனுப்பப்பெற்றார். கோழிக்கோட்டுக் கரையில் வீசிய புயலில் கப்பலும் காணிக்கைப் பொருள்களும் கைவிட்டுப் போயின. வெறுங்கையுடன் டில்லி திரும்ப அஞ்சிய அவர், சிலகாலம் மலபார்க் கரையில் அலைந்துவிட்டு, கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிப் பத்து நாளில் மாலத்தீவை அடைந்தார். அது 1343-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி.

அத்தீவுகளை அவர் தீபத்துல் மஹல் என்று குறிக்கிறார். அவற்றின் அமைப்பை அவர் வருணிக்கும் பாங்கு, இன்று வானூர்தியிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து எழுதியது போல் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் தீவுகள். நூறும் அதற்குக் குறைவுமாக அவை வட்ட வட்டமாகக் கூடி மோதிரம் போல் நிற்கின்றன. ஒவ்வொரு வளையத்திற்கும் வாயில் போன்ற ஒரு வழியே உண்டு. கப்பல்கள் அவ்வழியாகவே உட்புக முடியும். ஒரு தீவை விட்டுப் புறப்பட்டால் அடுத்த தீவின் தென்னை உச்சி தெரியுமளவுக்கு அவை நெருங்கியிருக்கின்றன. இவ்வாறெல்லாம் அவர் எழுதிச் செல்கிறார்.

இன்றைய கணக்கில் அங்குள்ள தீவுகள் ஏறத்தாழ 1,190. மக்கள் வாழ்பவை இருநூற்றுக்கும் குறைவே. வடக்கிலிருந்து தெற்காக எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல் அவை நீண்டு கிடக்கின்றன. பவளப்பாறை வளையத்திற்கு உலகின் நிலவியலார் வழங்கும் அட்டால் என்னும் சொல்லே மாலத்தீவாரின் திவேஹி மொழியிலிருந்து பிறந்ததுதான். கடல்மட்டத்திற்கு மேல் இரண்டரை மீட்டர் உயர்ந்த இயற்கை நிலம் அங்கே காண்பதரிது. மலை இல்லை, குன்று இல்லை. தொலைவிலிருந்து வரும் கப்பலுக்கு அடையாளம் காட்ட எதுவுமே இல்லை. தென்னை உச்சி கண்ணுக்குத் தெரியும்போது பாறை கப்பலின் அடியைத் தொட்டுவிடும்.

எனவேதான் இப்னு பதூதா ஒரு விதியைத் தெளிவாக எழுதி வைத்தார். அத்தீவாசி ஒருவர் வழிகாட்டியாக இல்லாமல் எந்தக் கப்பலும் அவ்வாயிலுள் நுழைய இயலாது. வழி தவறிய கப்பலைக் காற்று எங்கே கொண்டு சேர்க்கும்? ஒன்று இலங்கைக்கு, இல்லையேல் மஅபருக்கு என்கிறார். மஅபர் எது? நம் சோழமண்டல, பாண்டிமண்டலக் கரையே அது. கடந்து செல்லும் இடம் என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். தமிழ்க் கரையை அரபியர் துறையாகவே கண்டனர் என்பதற்கு அப்பெயரே சான்று.

குரும்பையும் வெற்றிலையும்

வாயிலைக் கடந்து உள்ளே வரும் கப்பலைத் தீவு மக்கள் எதிர்கொண்ட முறை படிக்கப் படிக்க இனிப்பது. சிறு படகுகளில் ஊரார் விரைந்து வருவர். கையில் வெற்றிலை இருக்கும். இளநீர்க் காய் இருக்கும். கப்பலில் உள்ளோருள் தாம் விரும்பியவருக்கு அதை நீட்டுவர். வாங்கிக்கொண்டவர் அந்த வீட்டின் விருந்தாளி. அவர் மூட்டை முடிச்சுகளை உறவினர் போல் அவ்வீட்டாரே சுமந்து செல்வர். அந்த இளங்காய்க்கு அவர்கள் வழங்கிய பெயரை இப்னு பதூதா கரன்பா என்று அரபியில் எழுதுகிறார். நம் வீட்டுத் தோட்டத்தில் உதிரும் தென்னங் குரும்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சொல் அந்நியமாகத் தோன்றாது.

அவர்கள் உண்ட சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி உலர்த்திப் பிற நாடுகளுக்கு அனுப்பினர். நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடிக்கும் மாசி அதுவே. திவேஹி மொழியில் மஸ் என்றால் மீன். தேங்காய் நாரைத் திரித்து அவர்கள் முறுக்கிய கயிறு, ஆணியின்றிப் பலகையோடு பலகை வைத்துத் தைக்கும் கப்பல்களுக்காகத் தொலைதூர நாடுகளுக்கெல்லாம் சென்றது. கடலில் அள்ளிய சோழி அவர்களின் நாணயம். வங்காளத்தார் அரிசி தந்து அதனை வாங்கிச் சென்றனர். எட்டாத் தொலைவில் கிடந்த தீவு என்று நாம் எண்ணுவது, உண்மையில் ஒரு பெருஞ்சந்தையின் நடுவே இருந்தது.

தலைநகரான மஹல் தீவில் நடந்து செல்வதே வழக்கம். தெருக்கள் பெருக்கித் தூய்மையாக இருக்கும். மரநிழலில் நடப்பது தோட்டத்தில் நடப்பது போலிருக்கும். வஸீர் ஒருவரே வாகனத்தில் ஏறிச் செல்வார். ஆட்சியில் இருந்தவர் ஒரு பெண்மணி, சுல்தானா கதீஜா. அவருடைய கணவரான வஸீர் ஜமாலுத்தீன், கற்றறிந்த ஒரு மாலிக்கி மத்ஹப் காழி தம் நாட்டுக்கு வந்திருப்பதை அறிந்து அவரைப் போகவிடாமல் நிறுத்திக்கொண்டார். இப்னு பதூதா தலைமைக் காழியானார். பல்லக்கு வேண்டுமா, குதிரை வேண்டுமா என்று வினவியபோது குதிரையைத் தேர்ந்தார். காழி குதிரையில் போகும் விந்தையைக் காணச் சிறுவர் கூட்டம் பின்னே ஓடியது.

இங்கேதான் கதை திரும்புகிறது. கப்பல் உள்ளே வரத் தீவாரின் கையைப் பிடித்த காழியார், உள்ளே வந்தபின் அவர்களுக்கு வழிகாட்ட மட்டுமே விரும்பினார். தொழுகையைத் தவறவிட்டோரைத் தண்டித்தார். பெண்களின் உடை பற்றிக் கடுமையான ஆணையிட்டார். தம் நீதிமன்றத்திற்குள் அதனை நிறைவேற்றியவர், ஊருக்குள் நிறைவேற்ற இயலவில்லை என்று தாமே எழுதுகிறார். அத்தீவு மக்கள் இஸ்லாத்திற்குப் புதியவரல்லர். அவர்களுடைய மன்னர் 1153-ல் இஸ்லாத்தை ஏற்றதாக அந்நாட்டு வரலாறு கூறும். மேற்கிலிருந்து வந்த அபுல் பரகாத் அல் பர்பரி என்னும் பெரியார் கையில் அது நிகழ்ந்ததாக இப்னு பதூதாவும், தப்ரேஸ் நகரத்துப் பெரியார் ஒருவர் கையில் என்று வேறு மரபும் கூறும். எவ்வாறாயினும் அவர் வந்தபோது அவர்களின் மார்க்கத்திற்கு வயது ஏறத்தாழ இருநூறு. அவ்விருநூறு ஆண்டு வாழ்க்கையில் விளைந்த வழக்கங்களைக் கேட்டறியக் காழியார் பொறுமை காட்டவில்லை. வஸீர்களுடன் பிணக்கு மூண்டது. 1344-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் தீவை விட்டுப் புறப்பட்டார்.

ஒன்பது நாட்கள்

புறப்பட்ட உள்ளம் அமைதியுடன் புறப்படவில்லை. மஅபரை அப்போது மதுரையிலிருந்து ஆண்டவர் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. அவரும் இப்னு பதூதாவும் உடன்பிறந்த சகோதரிகளை மணந்தவர்கள். நம் வழக்கில் சொன்னால் சகலைகள். மஅபர் சென்று சகலையின் படையைக் கொண்டுவந்து தீவுகளை அவர் ஆட்சிக்கு உட்படுத்துவது, பின் அவருடைய பிரதிநிதியாகத் தாமே அங்கு அமர்வது என்று தீவிலிருந்த இருவருடன் காழியார் உடன்படிக்கை செய்துகொண்டார். கப்பல்களில் வெள்ளைக் கொடி தெரிந்தால் உள்ளிருப்போர் கிளர்ந்தெழ வேண்டும் என்று அடையாளமும் குறித்தார். பகைவர் யாரும் சுமத்திய பழியன்று இது. அவரே தம் பயண நூலில் எழுதி வைத்தது.

மாலத்தீவிலிருந்து மஅபருக்கு மூன்று நாள் ஓட்டம் என்பது அவர் கூறும் கணக்கு. ஆனால் அவர் ஏறிய கப்பலில் வழியறிந்த தலைவன் இல்லை. மூன்று நாள் ஒன்பது நாளாயிற்று. ஒன்பதாம் நாள் அவர்கள் கண்ட நிலம் மஅபர் அன்று, இலங்கை. பாவா ஆதம் மலை வானில் புகைத்தூண் போல் எழுந்து நின்றது. வழி தவறிய கப்பலைப் பற்றித் தாம் எழுதிய விதிக்குத் தாமே சான்றானார்.

புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்து, ஆதம் மலையையும் தரிசித்துவிட்டு, மீண்டும் மஅபர் நோக்கிப் பாய் விரித்தார். இம்முறையும் தேர்ந்த தலைவன் இல்லை. காற்று கடுமையாயிற்று, பாறைகளை மயிரிழையில் தப்பிய கப்பல், ஆழமற்ற நீரில் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். மாலுமிகள் தெப்பம் கட்டினர். உடன்வந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு இரவு முழுவதும் கப்பலின் பின்புறத்தில் ஒண்டிக்கிடந்த காழியாரை, விடிந்தபின் நம் கரையோர மக்கள் படகில் வந்து மீட்டனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவர் மொழி அறிந்தவரும் அல்லர். மரநிழலில் அமர்த்தி அவருக்கு ஒரு பழமும் மீனும் உண்ணக் கொடுத்தனர். தர்ப்பூசணி போன்ற வடிவம், உள்ளே பஞ்சு போன்ற சதை, தேன் போன்ற சுவை என்று அவர் வருணிக்கும் அது பனம்பழம் என்பதை எந்தத் தமிழ்க் குழந்தையும் கூறிவிடும்.

முஅல்லிம் என்னும் சொல்

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். மதறஸாவில் நம் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லித் தருபவரை முஅல்லிம் என்கிறோம். அறிவு தருபவர், கற்பிப்பவர் என்பது பொருள். அரபுக் கடலோடிகள் இச்சொல்லை வேறொருவருக்கும் சூட்டினர். கப்பலுக்கு வழி அறிந்து செலுத்துபவர் எவரோ அவரும் முஅல்லிம். அச்சொல்லே நம் நாவில் உருண்டு மாலுமி ஆயிற்று. பள்ளியில் கிதாப் விரித்து அமர்ந்திருப்பவரும், அணியத்தில் நின்று விண்மீனை நோக்குபவரும் அரபியரின் பார்வையில் ஒரே பெயருக்கு உரியவர்கள்.

அப்பெயரைப் பெருமையுடன் சுமந்தவர் பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித். கடல்வழிக் கலையை விரித்துரைக்கும் கிதாபுல் ஃபவாயித் அவர் இயற்றியது. விரலை அளவாகக் கொண்டு அவர்கள் விண்மீனின் உயரத்தைக் கணித்தனர். விரல் என்னும் பொருள்படும் இஸ்பஉ என்பதே அளவின் பெயர். மூன்று மணி நேர ஓட்டத்தை ஸாம் என்றனர். துருவமீனின் உயரம் கொண்டு தாம் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று அறிந்தனர். ஆனால் மாலத்தீவை நெருங்கும்போது இக்கருவி கைகொடுக்காது. மாலே நகர் பூமத்திய ரேகைக்கு நான்கே பாகை வடக்கில் உள்ளது. அங்கே துருவமீன் தொடுவானை ஒட்டித் தாழ்ந்து மூடுபனியில் மறைந்துவிடும். ஃபர்கதான் எனப்படும் இரட்டை மீன்களையும் பிறவற்றையும் துணைகொள்ள வேண்டும். விண்மீனும் கூட ஓரளவுக்கே வழிகாட்டும். அப்பால் பாறையின் நிறத்தையும் நீரோட்டத்தின் திசையையும் அறிந்த உள்ளூர்க்காரனின் கண் வேண்டும். நிலத்தின் இருளிலும் கடலின் இருளிலும் வழி அறிய விண்மீன்கள் தரப்பட்டதைத் திருக்குர்ஆன் நமக்கு நினைவூட்டுகிறது. அவற்றைப் படிக்கத் தெரிந்தவனை மதிப்பது நம் மீது கடமையன்றோ?

காஞ்சியின் நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்யும்போது, எத்துணை கைதேர்ந்த நெசவாளராயினும் தனியே நெய்ய முடியாது. பக்கத்தில் அமர்ந்து கரைநாடாவை எறிய ஒரு துணைக்கை வேண்டும். அது பெரும்பாலும் ஒரு சிறுவனின் கையாக இருக்கும். அக்கை இல்லையேல் கரையும் உடலும் சேராது.

மூன்று மாதத் தடை

மஅபர் சுல்தான், சகலையின் திட்டத்தை ஏற்றார். குவாஜா ஸர்லக் என்பாரைக் கடற்படைத் தலைவராக அமர்த்தினார். சுல்தானாவுக்குப் பரிசும், வஸீர்களுக்கு உடைகளும், தீவின் ஏழைகளுக்கென மூன்று கப்பல் நிறைய தருமப் பொருள்களும் ஆயத்தமாயின. சுல்தானாவின் சகோதரியைத் தாமகானிக்கு மணம் பேசும் பொறுப்பும் காழியாருக்குத் தரப்பட்டது. ஐந்து நாளில் புறப்படுக என்று ஆணையும் பிறந்தது. அப்போது கடற்படைத் தலைவர் சுல்தானிடம் ஒன்று கூறினார். இன்றிலிருந்து மூன்று மாதங்களுக்கு அத்தீவுகளுக்குக் கப்பல் போக முடியாது.

எத்துணைப் பெரிய சுல்தானாயினும் காற்றுக்கு ஆணையிட முடியாது. பருவம் என்னும் பொருள்படும் மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் மேனாட்டார் பருவக்காற்றுக்குப் பெயரிட்டனர். காத்திருந்த அம்மூன்று மாதங்களில் எல்லாம் மாறிற்று. தாமகானி போரில் நடத்திய கொடுமைகளைத் தம் கண்ணால் கண்டு, அவற்றை வன்மையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார் இப்னு பதூதா. மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தான் மாண்டார். அடுத்து வந்தவர் படையெடுப்பைத் தொடர விரும்பினார். ஆனால் காழியாரைக் கடுங்காய்ச்சல் பற்றியது. படை போகவில்லை; வெள்ளைக் கொடி ஏறவில்லை. ஒரு மாலுமியின் ஒரு வாக்கியம் அத்தீவுகளைக் காத்தது.

பின்னர் நிகழ்ந்ததுதான் நெஞ்சைத் தொடுவது. கடற்கொள்ளையரிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்து, உடுத்த உடையோடு கோழிக்கோடு திரும்பிய இப்னு பதூதா, மீண்டும் மாலத்தீவு சென்றார். இம்முறை படையோடன்று, பிள்ளையைப் பார்க்கச் சென்றார். அவர் நீங்கியபோது கருவுற்றிருந்த மனைவிக்குப் பிறந்த மகனுக்கு அப்போது இரண்டு வயது. பிள்ளையைத் தம்முடன் கொண்டுசெல்ல வஸீர் இசைந்தார். ஆனால் மகனைக் கண்டதும், அவன் தன்னவரோடு இருப்பதே அவனுக்கு நல்லது என்று உணர்ந்து தாயிடமே விட்டுவிட்டார். ஐந்து நாள் மட்டும் தங்கி, வங்காளம் நோக்கிப் புறப்பட்டு, நாற்பத்து மூன்று நாள் கடலில் கழித்தார். ஆளவந்தவராகப் போக எண்ணியவர், தந்தையாகப் போய்த் திரும்பினார்.

இரவில் வந்த படகு

பிற்காலத்தில் படையோடு வந்தவர்களும் உண்டு. 1558-ல் போர்த்துக்கீசியர் மாலேயைப் பிடித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆண்டனர். பீரங்கியும் பெருங்கப்பலும் அவர்களிடம் இருந்தன. எதிர்த்து எழுந்தவர் உத்தீமு என்னும் சிறு தீவைச் சேர்ந்த முஹம்மத் தகுருஃபானு. அவரும் உடன்பிறந்தாரும் ஒரு படகில் இரவில் ஒரு தீவில் இறங்குவர். விடியுமுன் கடலில் மறைந்துவிடுவர். அடுத்த இரவு வேறொரு தீவில் தோன்றுவர். அவ்வாயில்களின் வழியாக இருளில் தொடர்ந்து செல்லும் துணிவு பெருங்கப்பல்களுக்கு இல்லை. 1573-ல் மாலே விடுதலை பெற்றது. ரபீயுல் அவ்வல் முதல் நாளை அந்நாட்டார் இன்றும் தேசிய நாளாகக் கொண்டாடுகின்றனர்.

1602-ல் பிரெஞ்சுக் கப்பலொன்று இரவில் பாறையில் மோதி உடைந்தது. அதில் வந்த பிரான்சுவா பிரார் ஐந்தாண்டு அங்கே சிறைப்பட்டிருந்தார். அவர் செய்த அறிவார்ந்த செயல் ஒன்றே: தீவாரின் மொழியைக் கற்றுக்கொண்டார். அதனாலேயே அவருடைய நூல், அத்தீவுகளின் நீரோட்டங்களையும் வாயில்களையும் வாழ்க்கையையும் பற்றி ஐரோப்பியருக்குக் கிடைத்த விரிவான முதல் நூலாயிற்று. முறையான கடல் வரைபடம் வரைய 1834 முதல் 1836 வரை கேப்டன் மோர்ஸ்பியின் தலைமையில் நடந்த அளவைப்பணி வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைய வழி

இன்று அவ்வழி எளிது. மாலேயை அடுத்த ஹுலுலே தீவில் 1960-ல் முதல் வானூர்தி இறங்கியது. 1981-ல் அது பன்னாட்டு நிலையமாயிற்று. கோழிக்கோட்டிலிருந்து இப்னு பதூதாவுக்குப் பத்து நாள் ஆன தொலைவைச் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். 1972-ல் தொடங்கிய உல்லாச விடுதிகளுக்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் திரள்கின்றனர். மாலேயையும் ஹுலுலேயையும் 2018-ல் திறந்த பாலம் இணைக்கிறது. தீவு விட்டுத் தீவு செல்ல விசைப்படகும் கடலில் இறங்கும் விமானமும் உள்ளன. நம் தூத்துக்குடித் தோணிகளும் அத்திசையில் சரக்கேற்றிச் செல்வது வழக்கம்; தென்மேற்குக் காற்று கடுமையாக வீசும் மாதங்களில் அவையும் துறையில் ஒதுங்கியே நிற்கும். 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலேக்குச் சரக்குக் கப்பல் சேவை ஒன்று தொடங்கியது. மஅபரின் பழைய வழி புதுப்பெயரோடு தொடர்கிறது.

ஆயினும் வழி எளிதானதால் பாடம் பழையதாகிவிடவில்லை. டில்லியில் காழி, ஃபிக்ஹில் தேர்ந்தவர், பல நாட்டு அரசவைகளைக் கண்டவர்; அத்தகைய ஒருவர் வழியறிந்த ஒருவன் இன்றி மூன்று நாள் தொலைவில் ஒன்பது நாள் அலைந்தார். அவரை வாயிலுக்குள் அழைத்து வந்தவனின் பெயரை அவர் எழுதவில்லை. தரைதட்டிய கப்பலிலிருந்து மீட்டுப் பனம்பழம் கொடுத்தவர்களின் பெயரும் நமக்குத் தெரியாது. கற்றவர் உலகம் கற்றவரையே பெயரிட்டு நினைக்கிறது. ஆனால் அரபு மொழி அக்குறையைச் செய்யவில்லை. கிதாப் அறிந்தவனுக்கும் கடல் அறிந்தவனுக்கும் முஅல்லிம் என்று ஒரே பட்டத்தை அது அளித்தது.

நம் பிள்ளைகள் பட்டம் பெற்று வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்கின்றனர். புதிய ஊரில் இறங்கும்போது அவர்கள் கையில் சான்றிதழ் இருக்கட்டும். அதனோடு, அவ்வூர்க்காரனிடம் வழி கேட்கும் பணிவும் இருக்கட்டும். குரும்பை நீட்டுபவரின் கையை மதிக்கக் கற்றவனுக்கே தீவின் வாயில் திறக்கும்.